காகத்தின் சோற்றைத் தின்ற நாய் பள்ளிக்கூடம் போன கதை

எங்கள் நாய்க்கு அஜிலிட்டி வகுப்பு என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் அவளுடைய கட்டுப்பல் கழன்று விழாதது அதிசயம். "என்ன வகுப்பெண்டு சொன்னனீங்கள்?" என்று மூன்று தரம் கேட்டாள். கம்பு தாண்டுவது, குழாய்க்குள் நுழைந்து மறுபக்கத்தால் வருவது, பலகையில் ஏறி இறங்குவது, இவ்வளவையும் சொன்ன சொல் கேட்டு நாய் செய்யவேண்டும், அதைப் பழக்குகிற வகுப்பு என்றேன்.

"உதெல்லாத்தையும் உங்கட நாய் ஒவ்வொரு நாளும் என்ர மதிலில செய்யுதுதானே. அதுக்கு ஏன் வகுப்பு?"

நியாயமான கேள்விதான். ஆனால் சொன்ன சொல் கேட்டு என்ற பகுதியை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் நாயும் அதை ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. வா என்றால் போகும். இரு என்றால் பாயும். போ என்றால் மட்டும் வந்து மடியில் ஏறும்.

சொல் கேட்காவிட்டால் நாய் வீட்டைவிட்டுப் போகவேண்டும். இதுதான் விஷயம். தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற என் கணவர், கடிதத்துக்கு முத்திரை குத்துகிற வேகத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"ஒரு வகுப்பு. ஒண்டே ஒண்டு. என்ர கண்ணுக்கு முன்னால அது ஒரு சொல்லுக் கேட்டா இருக்கட்டும். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து ஏத்திக்கொண்டு போவான்."

அவருடைய தம்பி குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் வயல் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன லொறியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு எங்கள் சந்தைக்கு வருவார். நல்ல மனிசன்தான். ஆனால் அவருக்கு நாய் என்பது யானை வந்தால் குரைக்கிற ஒரு சாமான். வயல் குடிலில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார். எனக்குத் தெரிய அங்கே மூன்று நாய்கள் இருந்தன, மூன்றில் ஒன்றுகூட வயதுபோய்ச் சாகவில்லை. மதிலுக்கு மதில் பாய்ந்து திரிகிற என் குட்டியை அந்தச் சங்கிலியில் நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி, நாய் செய்த குற்றம். அது காகத்தின் சோற்றைத் தின்றுவிட்டது.

சிரிக்கவேண்டாம். எங்கள் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. போன வருடம் சாத்திரியார் என் கணவரின் சாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஏழரைச் சனி தொடங்கிவிட்டது, அதுவும் மூன்றாம் சுற்று என்றார். முதற் சுற்றுக்கு மங்கு சனி என்று பெயர், இரண்டாவதற்குப் பொங்கு சனி. மூன்றாவதற்கு மரணச் சனி. பெயர் வைத்தவனுக்கு வாயில் வேறு சொல் அகப்படவில்லைப் போலும். அந்தக் காலத்தில் ஊராரின் சாவுத் தந்திகளை முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் எழுதிக் கொடுத்த மனிசன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கேலி செய்தேன். ஆனால் அவர் பயந்துபோயிருந்தார், அது எனக்குத் தெரிந்தது.

பரிகாரம் சனிக்கிழமை விரதம். எள்ளும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்த சோற்றை வாழையிலையில் வைத்து, சனீஸ்வரனின் வாகனமான காகத்தைக் கூப்பிடவேண்டும். அது தின்ற பிறகுதான் இவர் வாயில் ஒரு பருக்கை படலாம். இவர் சாப்பிட்ட பிறகுதான் நான். ஆக, சனிக்கிழமையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் காகம் முதல், அவர் இரண்டு, நான் மூன்று.

பின்பக்க மதிலில் இலையை வைத்துக் கூப்பிட்டுவிட்டு, ஆள் நின்றால் காகம் வெருளும் என்று இவர் உள்ளே போய்ச் சாமியறையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். "நீர் குசினி யன்னலால பாரும். திண்டவுடன சொல்லும்" என்பது எனக்கு இட்ட வேலை.

முதல் சனிக்கிழமை பார்த்தேன், பார்த்தேன், கழுத்து நொந்துபோனது. ஒரு காகம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? நாங்கள் இருப்பது துறைமுகத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. கரையில் வள்ளத்துக்கு வள்ளம் மீன் குடலும் தலையும் குவிந்து கிடக்கும்போது எள்ளுச் சோறு தின்ன எந்தக் காகத்துக்கு விசர்? பத்து மணி ஆனது, பத்தரை ஆனது, பதினொன்றும் ஆனது. இவருக்கு இரத்தத்தில் சீனி வருத்தம். குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்த மனிசனின் குரல் ஒரு மாதிரி இழுபட்டது. "திண்டிட்டுதோ?" என்றார். அந்தக் கிழமைதான் சந்தைப் பக்கத்திலிருந்து நான் தூக்கி வந்த நாய்க்குட்டி, என் காலடியில் நின்று வாலை ஆட்டியது.

இலையை மதிலிலிருந்து இறக்கி அதன் முன்னால் வைத்தேன். நாலு வாயில் இலை துடைத்த மாதிரி ஆனது. "ஓம், காகம் திண்டிட்டுது, வாங்கோ!" என்று கத்தினேன்.

அவருடைய சீனிக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்கும் பசி.

அடுத்த சனியும் அதே கதை. அதற்கடுத்ததும் அதே கதை. ஒரு வருடம் இப்படியே ஓடியது. குட்டி வளர்ந்து குமரானது. சனிக்கிழமைகளில் மதிலடியில் வந்து குந்தி, நான் இலையை இறக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வருடத்தில் அது ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். இவரும் தெளிந்தார், கன்னத்தில் சதை வைத்தது. "காகம் ஒரு சனி தவறாமல் வருது, சனீஸ்வரன் எங்களைக் கைவிடேல்லை" என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார். நான் எந்த வாயால் இல்லை என்பது?

பிடிபட்டது ஐந்து கிழமைக்கு முன். மகள் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தாள், நானும் கதையில் இலையை மறந்துபோனேன். நாய் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? ஒரு பாய்ச்சலில் மதிலில் ஏறிவிட்டது. இவர் அந்த நேரம் பார்த்து வெளியே வந்தார். மதில்மேல் நாய், வாயில் இலை, மூக்கில் எள்ளு. "அட பாவி நாயே!" என்று இவர் போட்ட சத்தத்தில் நாய் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாயைக் கட்டி வைத்தார். என்னை நம்பாமல் யன்னலில் தானே நின்றார். காகம் வரவில்லை. எப்படி வரும், அது ஒருநாளும் வந்ததில்லையே! ஆனால் அவர் கண்டுபிடித்த காரணம் வேறு.

"ஒரு வருசமா வந்த காகம் இப்ப ஏன் வரேல்லை? நாயின்ர வாய் பட்டுப்போச்சு. அது இஞ்ச நிக்குமட்டும் காகம் இந்த மதிலை மிதிக்காது."

நாலு சனிக்கிழமை, நாலும் பின்னேரம்வரை பட்டினி. ஒரு தரம் கதிரையால் எழும்பும்போது தலைசுற்றி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாகச் சனீஸ்வரனுக்கு ஒரு பருக்கைகூடப் போகவில்லை என்று தெரிந்தால் மனிசன் அந்த இடத்திலேயே படுத்துவிடுவார் என்று பயம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தைச் செய்தவள் நான். பழியை வாயில்லாத ஒரு சீவனின் தலையில் கட்டிவிட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வாதாடியும் பார்த்தேன். "காகம் சனீஸ்வரன்ர வாகனமெண்டா நாய் வைரவரின்ர வாகனம். ரண்டு வாகனமும் சோத்துக்குச் சண்டை பிடிச்சா நாங்கள் ஏன் நடுவில நிண்டு பொலிஸ் வேலை பாக்கிறம்?"

"விசர்க்கதை கதையாதையும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் வகுப்பு விளம்பரம் என் போனில் வந்தது. 'எந்த நாயும் சொல் கேட்கும்' என்று போட்டிருந்தது. எங்கள் நாயைக் கண்டிராத யாரோதான் அதை எழுதியிருக்கவேண்டும்.

வகுப்பு சனிக்கிழமை காலை. ஓட்டோவில் நான், நாய், இவர், இவருடைய மடியில் சாப்பாட்டுக் கரியர். கீழ்த் தட்டில் காகத்துக்கு எள்ளுச் சோறு, மேல் தட்டுகளில் எங்களுக்கு. "வீட்டுக்கு வராத காகம் துறைமுகத்தடியிலயெண்டாலும் வரும்" என்றார். காகம் எந்த நாயால் வரவில்லையோ அந்த நாயும் எங்களோடுதானே வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அவருடைய உதடு காய்ந்திருந்தது.

இடம் ஒரு பழைய பண்டகசாலையின் முற்றம். முற்றம் முடிகிற இடத்தில் இடுப்பளவு மதில், அதற்கப்பால் துறைமுகத் தண்ணீர். வகுப்பு நடத்துகிறவள் இளம் மிருக வைத்தியர், தொப்பியும் விசிலும் போட்ட துடியான பிள்ளை. நாய்கள் ஓடித் தப்பாதபடி, நிலாவெளிக் கடற்கரையில் மீனவர் கழித்துவிட்ட கரைவலையை இரண்டு பக்கமும் கட்டி, மதில்வரைக்கும் ஒரு ஒழுங்கை மாதிரிச் செய்திருந்தாள். ஒழுங்கைக்குள் மீன் பெட்டிகளின்மேல் வைத்த பைப் கம்புகள், தொங்குகிற டயர், மூடியும் அடியும் வெட்டித் தொடுத்த மூன்று நீலப் பீப்பாய்கள், கடைசியில் ஏறி இறங்க ஒரு வள்ளப் பலகை.

எங்களைத் தவிர இரண்டு மாணவர்கள். நிலாவெளி ஹோட்டல்காரர் ஒருவரின் லப்ரடோர், வங்கி மனேஜரின் மனைவி கையில் வைத்திருந்த பொமரேனியன். பொமரேனியன் சட்டை போட்டிருந்தது.

"அன்ரி, நாய்க்கு விருப்பமான சாப்பாடு ஏதும் கொண்டுவந்தனீங்களோ?" என்று பிள்ளை கேட்டாள். லப்ரடோருக்குக் கோழிச் சொசேஜ் வந்திருந்தது. நான் பையைத் திறந்து காட்டினேன்.

"கடலை வடையோ அன்ரி?"

"சனிக்கிழமை, பிள்ளை. சைவம்."

அவளும் எங்கள் ஆள்தான், மேற்கொண்டு கேட்கவில்லை.

லப்ரடோர் சொசேஜுக்காகக் கம்புகளைத் தாண்டியது. பொமரேனியன் கம்புகளுக்குக் கீழால் போனது, அதற்கும் கைதட்டினார்கள். எங்களுடையது வடையை மணந்து பார்த்துவிட்டு நிழலில் படுத்துக்கொண்டது. இழுத்தேன், தள்ளினேன், கொஞ்சினேன், பல்லைக் கடித்தேன். "மற்றப் பக்கத்தால கூப்பிடுங்கோ அன்ரி" என்றாள் பிள்ளை. இந்த வயதில் நிலத்தில் முட்டுக்குத்தி, பீப்பாய்க்குள் தலையை விட்டு, "வா என்ர குஞ்சு, வா ராசாத்தி" என்று கத்தினேன். ராசாத்தி சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்து, இந்த மனிசி உள்ளே எதைத் தேடுகிறாள் என்று தானும் எட்டிப் பார்த்தது. நான் தலையை வெளியே எடுத்தபோது பொமரேனியன் என் வடையில் இரண்டை முடித்திருந்தது.

"நாய் வாலை நிமிர்த்த ஏலுமே, அக்கா?" என்று ஹோட்டல்காரர் சிரித்தார். உங்கட நாய்க்குச் சொசேஜ் தராட்டி உங்களையே அதுக்கு ஆரெண்டு தெரியாது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அந்த நேரம், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு கேற்றடியால் உள்ளே வந்து குப்பைக் கூடையைக் கிளறின. லப்ரடோரும் பொமரேனியனும் உலகம் அழிகிற மாதிரிக் குரைத்தன. எங்களுடையது கொட்டாவி விட்டது. சந்தைக் குப்பையில் மானோடு ஒன்றாகத் தின்று வளர்ந்த சாதி அது.

"நல்ல நிதானமான நாய்" என்றாள் பிள்ளை.

"நிதானம் கிடக்கட்டும். சொல்லுக் கேக்குமோ?" என்றார் இவர்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "முதல் நாள் இப்பிடித்தான் அன்ரி. ரண்டாம் நாள், மூண்டாம் நாள் எண்டு வரவர..."

"எங்களுக்கு ரண்டாம் நாள் இல்லைப் பிள்ளை" என்றேன். நாளைக்கு இந்த நேரம் நாய் மரக்கறிக் கூடைகளுக்கு நடுவில் லொறியில் நிற்கும். அப்போதும் என்னைத்தான் பார்க்கும், நான் ஏதோ செய்வேன் என்று.

இவர் மணியைப் பார்த்தார். பத்தாகிவிட்டது. "பார்த்தது காணும்" என்று கரியரை எடுத்துக்கொண்டு வலைக்கு வெளியால் நடந்து, கடைசியில் வலையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் மதிலடிக்குப் போனார். கொஞ்சம் தள்ளாடினார். இலையை விரித்துச் சோற்றை வைத்தார். கடலைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு தலையை நிமிர்த்தி, பசியில் உடைந்த குரலில் கூப்பிட்டார்.

"கா... கா... கா..."

நிழலில் கிடந்த நாயின் காது இரண்டும் எழும்பின. வார் என் கையிலிருந்து போனதே எனக்குத் தெரியாது. முதல் கம்பைத் தாண்டியது, இரண்டாவதையும் மூன்றாவதையும் தாண்டியது. டயருக்குள்ளால் பாய்ந்தது. பீப்பாய்க்குள் போனது, தடதடவென்று சத்தம் கேட்டது, மறுபக்கத்தால் வந்தது. பலகையில் ஏறி இறங்கியது. லப்ரடோர்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தது. எங்கள் நாய் மதிலடியில் போய், இவருடைய காலுக்குப் பக்கத்தில், ஒழுங்காகக் குந்தியது. மதிலில் இருந்த இலையைத் தொடவில்லை. இவரையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, முழு முற்றத்தையும் கடந்து, என்னைப் பார்த்தது. வால் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"அன்ரி!" என்று பிள்ளை துள்ளினாள். "இது பழக்கின நாயெல்லோ! ஒரு கூப்பிடலுக்கு எல்லாத்தையும் தாண்டிப் போய்க் குந்தியிருக்கு. ஆர் பழக்கினது?"

அதை நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. முகவரி அழிந்த கடிதத்தைக்கூட உரிய வீட்டுக்கு அனுப்பிவைத்த மனிசன் அவர். நாயைப் பார்த்தார். நாய் பார்க்கிற திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் நான் நின்றேன்.

அவரிடம் நடந்து போனேன்.

"எப்பயிருந்து?" என்றார்.

"முதல் சனியிலயிருந்து."

"காகம்?"

"ஒருநாளும் வரேல்லை."

அவர் மதிலில் இருந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஐயோ, கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். "பசியில உங்கட குரல் இழுபட்டதைக் கேட்டுக்கொண்டு நிக்க என்னால ஏலாமல் போச்சு" என்றேன். "எனக்கும் பசிச்சது. எனக்குத்தான் சொல்லத் துணிவில்லை. நாய் என்ன செய்யும், நான் பழக்கினதைத்தான் செய்தது."

அவர் இலையிலிருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு, தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப நான் ஏன் சாகேல்லை?"

"எனக்கென்ன தெரியும்? நாய் திண்டது சனீஸ்வரனுக்குச் செமிச்சிருக்குப் போல."

அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். குனிந்து, இலையை மதிலிலிருந்து எடுத்து, தன் கையாலேயே நாயின் முன்னால் வைத்தார். அது என்னைப் பார்த்தது. நான் தலையாட்டியதும் தின்றது. நாலே வாய்.

"கரியரை இஞ்சால தள்ளும்" என்றார். மேல் தட்டைத் திறந்தார், அடுத்த தட்டையும் திறந்தார். இரண்டு பேரின் சோறு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த நாலு சனியும் நீரும் பின்னேரம்மட்டும் பட்டினியோ?"

"பின்னை? நீங்கள் சாப்பிடாமல் நான் எண்டைக்குச் சாப்பிட்டனான்?"

மூடியில் சோற்றையும் பருப்பையும் போட்டு என் பக்கம் நீட்டினார். "முதல் நீர் சாப்பிடும்."

முப்பத்தைந்து வருடத்தில் இந்த மனிசன் என்னிடம் இதைச் சொன்னதில்லை. ஒரு வாய் வைத்தேன். வெட்கமில்லாமல் அழுதேன், மூக்கால் வடிந்தது சோற்றில் விழுந்தது, அப்படியே தின்றேன். பிள்ளை நல்ல பிள்ளை, மற்ற நாய்களைக் கூட்டிக்கொண்டு தூரப் போய்விட்டாள்.

அவர் தன்னுடைய சோற்றைப் பிசைந்தார். அப்போது பார்த்து, எங்கிருந்தோ ஒரு காகம் வந்து மதிலில் எங்களுக்கு இரண்டு முழம் தள்ளி இறங்கியது. தலையைச் சரித்து, கரியரைப் பார்த்தது. சோறு எடுத்த அவருடைய கை வாய்க்குக் கிட்டே நின்றது. நான் மூச்சை விடவில்லை. நாய்கூட அசையவில்லை.

"துரை இப்பத்தான் வாறார்" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தக் கவளத்தைத் தன் வாயில் வைத்தார்.

இரண்டு வாய் தின்ற பிறகு இடக்கையால் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "நாளைக்கு நாயை ஏத்த வரவேண்டாம்" என்றார். அந்தப் பக்கத்தில் தம்பி ஏன் என்று கேட்டிருக்கவேண்டும்.

"பிறகு சொல்லுறன். இப்ப சாப்பிடுறன்" என்றார்.